வரிசைக் கல்

வேப்பங்கரடு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசல் சுவரில் ஒரு கருங்கல் பலகை பதித்திருக்கிறது. நிலம் கொடுத்தவர் க. அர்ச்சுனன் என்று அதில் வெட்டியிருக்கும். அர்ச்சுனனின் மகன் குப்புராஜுக்கு இப்போது எழுபத்தாறு வயது. இந்த வயது வரை அவர் அந்தப் பலகையைத் தெருவில் நின்று பார்த்திருக்கிறாரே தவிர, அதைத் தாண்டி உள்ளே போய் ஒரு மாத்திரை வாங்கியதில்லை. அவர் வீட்டில் யாரும் வாங்கியதில்லை என்றுதான் அவர் நம்பியிருந்தார்.

அது தகப்பனார் போட்ட கட்டளை. அரூரில் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அன்றே அர்ச்சுனன் வீட்டாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "அது ஊருக்குக் குடுத்தது. நம்ம வூட்டு ஆளு ஒருத்தரும் அங்க போயி சீட்டு வாங்கி நிக்கக் கூடாது. குடுத்த மாதிரி குடுத்துட்டு இவங்களே வாங்கித் திங்கறாங்கன்னு ஒரு பேச்சு வரக் கூடாது" என்றார். குப்புராஜ் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். மகன் பிரபாகருக்கு ஆறு வயதில் தேள் கொட்டியபோது, கூப்பிடு தூரத்தில் கம்பவுண்டர் இருக்க, வண்டியைப் பூட்டிக்கொண்டு அரூருக்கு ஓட்டினார். பிள்ளையும் பிழைத்தான், கட்டளையும் பிழைத்தது.

இப்போது பிரபாகர் ஓசூரில் இருக்கிறான். வீட்டில் குப்புராஜ் மட்டும். மனைவி தீர்த்தம்மாள் போய் இரண்டு வருடம் ஆகிறது.

அவள் போன காலையை அவர் தினமும் ஒரு முறையாவது நினைத்துக்கொள்வார். மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் சாய்ந்தாள். பேச்சு வரவில்லை. காரின் பின் சீட்டில் அவளைப் படுக்கவைத்து, தலையை மடியில் தாங்கிக்கொண்டார். முக்குக்கு வந்ததும் அவள் வலது கையை மெல்லத் தூக்கி வெளியே காட்டினாள். அந்த முக்கில்தான் மாரியம்மன் கோயில். வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் போகிற கோயில். வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓட்டுநர் முருகேஷை உள்ளே அனுப்பித் திருநீறு வாங்கிவரச் செய்து, தன் கையாலேயே அவள் நெற்றியில் வைத்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலம் போகும் வழியில் மஞ்சவாடிக் கணவாய் ஏறும்போது மூச்சு நின்றது.

கடைசியாக அவள் கேட்டதைச் செய்தோம். இரண்டு வருடமாகக் குப்புராஜ் சாய்ந்து நிற்பதற்கு இருந்த சுவர் அதுதான்.

மற்றபடி வீடு முழுக்க அவள் இல்லாத இடங்களாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி வாக்கில் வெளிக்கதவின் கொண்டி சத்தம் கேட்கும், அவள் கோயிலிலிருந்து திரும்பிவிட்டாள் என்று அர்த்தம். இப்போதும் அந்த நேரத்துக்கு அவர் காது தானாகக் கதவுப் பக்கம் போய்விடும். கையில் இருக்கும் பேப்பரில் ஒரே வரியை நான்கு முறை படிப்பார்.

*

செப்டம்பர் கடைசியில் தம்பி மகன் மாதவராஜ் ஒரு காகிதத்தோடு வந்தான். தருமபுரியில் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கிறான். கெட்டவன் அல்ல. பெரியப்பா முன்னால் உட்காரச் சொல்லும் வரை நிற்கத் தெரிந்தவன்.

விஷயம் இதுதான். வேப்பங்கரடு சுகாதார நிலையத்தை முப்பது வருட ஒப்பந்தத்தில் சேலத்து அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைக்கப் பேச்சு நடக்கிறது. அறக்கட்டளை புதிய கட்டடம் கட்டும். அரசாங்கம் ஏழைகளுக்கான காப்பீட்டு அட்டையோடு நின்றுகொள்ளும். ஆனால் அர்ச்சுனன் எழுதிய பத்திரத்தில் ஒரு வரி குறுக்கே நின்றது. அரசாங்கமே ஆஸ்பத்திரி நடத்தும் வரைதான் நிலம் அரசாங்கத்தினுடையது, இல்லையென்றால் வாரிசுக்குத் திரும்ப வேண்டும். ஆகவே மூத்த வாரிசான குப்புராஜ் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபையில், ஊர் பார்க்கப் போட்டால் நன்றாக இருக்கும்.

அந்த நேரம் பக்கத்துக் காட்டுக்காரர் சின்னப்பனும் வந்து உட்கார்ந்திருந்தார். குப்புராஜோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். ஊரில் குப்புராஜைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஆள்.

"பெரிப்பா, ரோடு போடறது, தண்ணி வுடறது கவர்மெண்டு வேலைங்க. ஊசி போடறதுமா அவங்க வேலை?" என்றான் மாதவராஜ். "டாக்டரு வாரத்துல மூணு நாளுதான் வர்றாரு. எக்ஸ்ரே மிசினு வந்து ஒன்றரை வருசமாவுது, இன்னும் அட்டப்பொட்டிய வுட்டு எறங்கல. வைத்தியம் தெரிஞ்சவன் வைத்தியம் பாக்கட்டும். கார்டு இருந்தா எந்த ஏழையும் எந்த ஆஸ்பத்திரிக்கும் போலாம். இதுல என்னங்க தப்பு?"

"கார்டு ஆப்ரேசனுக்கு, மாதவா," என்றார் சின்னப்பன். "எம் பொண்டாட்டிக்கு ஆப்ரேசன் வேண்டாம். தெனம் காலைல ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. அதுக்கு ஒங்க டிரஸ்டு என்னா பண்ணும்? வயித்தக் கிழிச்சாத்தான் கார்டு வேலை செய்யும்னா, எல்லார் வயித்தயும் கிழிக்கத்தான் பாப்பாங்க."

"நீங்க சும்மா கெடைக்கறதையே பாத்துப் பழகிட்டீங்க மாமா."

"சும்மாவா? தீப்பொட்டி வாங்குனாக் கூட வரி கட்டறேன்டா. அது எம் மாத்திரைடா. எவனும் எனக்குத் தர்மம் பண்ணல."

"மிசினு அட்டப்பொட்டியில கெடக்குதே, அதுவும் ஒங்க மிசினுதான?"

சின்னப்பன் தலையாட்டினார். "ஆமாடா, எம் மிசினுதான். பிரிச்சு வையின்னு கேக்கோணும். வூட்ல கெணறு தூந்து போச்சுன்னா தூர் வாருவமா, கெணத்தையே எவனுக்காச்சும் எழுதிக் குடுப்பமா?"

குப்புராஜ் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருந்தார். அரசாங்கம் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதில் அவருக்குப் பெரிய கவலை இல்லை. இரண்டுமே அவர் வீட்டு வாசலுக்கு வெளியே நடப்பவை. அவர் மனதில் நின்றது மாதவராஜ் கடைசியாகச் சொன்னதுதான். புதுக் கட்டடத்தின் முகப்பில் வளைவு வைத்து, அர்ச்சுனன் நினைவு மருத்துவமனை என்று ஆள் உயரத்துக்கு எழுதுவார்களாம். சேலம் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியுமாம். தகப்பனார் பெயர் ஒரு முழக் கல்லில் பாசி படிந்து கிடப்பதை நினைத்து அவர் பல நாள் வருந்தியதுண்டு.

"போடலாம்" என்றார்.

"பழைய கல்லை எங்க மாத்தி வெக்கறதுன்னு நீங்களே வந்து ஒருக்கா பாத்துச் சொல்லிட்டீங்கன்னா நல்லது பெரிப்பா."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. பத்து மணிக்குப் போறேன்" என்றார் குப்புராஜ்.

*

மறுநாள் வெள்ளை வேட்டி, சட்டை, மடிப்புக் கலையாத துண்டு. நிமிர்ந்த நடை. ஆஸ்பத்திரி கேட்டுக்குள் அவர் நுழைந்ததும் வேப்பமரத்தடியில் சளசளத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடினார்கள். வெள்ளிக்கிழமை சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கும் நாள் என்பது அவருக்குத் தெரியாது. ஆட்கள் மரத்தடியில் உட்கார்ந்திருக்க, வெயிலில் ஜன்னல் வரை நீண்டிருந்தது வரிசை. வரிசையில் நின்றவை பொருட்கள். ஒரு ஜோடி செருப்பு, ஒரு மஞ்சள் பை, தண்ணீர் பாட்டில், கல் வைத்து அழுத்திய நோட்டு, இன்னொரு செருப்பு. காலையிலேயே வந்து இடம் போட்டுவிட்டு நிழலுக்குப் போய்விடுகிறார்கள். ஜன்னலில் ஒருவர் முடித்தால், அவரவர் எழுந்துவந்து தங்கள் பொருளை ஒரு முழம் முன்னால் நகர்த்துகிறார்கள்.

தகப்பனாரின் பலகையைப் பார்க்க வந்தவர் அதைப் பார்க்கவில்லை. அவர் கண் வரிசையில் ஆறாவதாக இருந்த கல்லில் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது.

அது ஒரு உடைந்த அம்மிக் குழவி. பாதிதான் இருந்தது. கருங்கல்லில் ஒரு பக்கம் முழுக்கச் செவ்வரி ஓடியிருந்தது. அந்தச் செவ்வரியை அவர் நாற்பது வருடம் பார்த்திருக்கிறார். தீர்த்தம்மாளின் தகப்பனார் ராஜப்பன் காரிமங்கலம் சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கி, சீரோடு அனுப்பியது. ஒருநாள் கை நழுவி வாசற்படியில் விழுந்து இரண்டாகப் போனது. உடைந்த குழவி வீட்டில் இருக்கக் கூடாது, வெளியே போடு என்று அவர்தான் சொன்னார். ஒரு பாதியைக் கிணற்றில் போட்டாள். மற்றப் பாதியை எங்கே போட்டாள் என்று அவர் கேட்கவில்லை.

"இது யாருது?" என்றார். குரல் கொஞ்சம் உரத்துவிட்டது.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சின்னப்பனின் மனைவி ராயம்மாள் எழுந்துவந்தாள்.

"இப்ப எம்முதுங்க. எனக்குக் கால் வலி, சீக்கரம் வர முடியலீன்னு இவங்க வெச்சாங்க."

"யாரு கல்லுன்னு கேட்டேன்."

ராயம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ஆயா கல்லுங்க. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவோம். யாருக்கு முடியலையோ அவுங்களுக்கு மொதல்ல அதை வெச்சுருவோம். அக்கா போனப்புறம் எடுத்துப் போட மனசு வரலீங்க."

"எந்த அக்கா?"

கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

*

செவிலியர் சுபா பொம்மிடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். அலமாரியில் தேடி, மூலை மடங்கிய நோட்டு ஒன்றை எடுத்துவந்தாள்.

"காலம் முடிஞ்சவங்க நோட்டத் தனியா கட்டி வெச்சிருக்கோம்ங்க ஐயா" என்றாள்.

பதினோரு வருடம். ஒவ்வொரு மாதமும் தேதி, சர்க்கரை அளவு, பிரஷர் அளவு, கொடுத்த மாத்திரை, ஒரு கையெழுத்து. தீர்த்தம்மாளின் கையெழுத்து, அவள் பள்ளியில் படித்த நான்கு வருடத்தின் எழுத்து, தீ மட்டும் பெரியதாக. முதல் பக்கத்தில் பெயர், வயது, ஊர். கணவர் பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் த/பெ ராஜப்பன் என்று எழுதியிருந்தது.

"எனக்கு முன்னால இருந்தவங்க எழுதுனதுங்க. வூட்டுக்காரர் பேரு ஏன் எழுதலைன்னு நான் ஒருக்காக் கேட்டேன். அந்தப் பேரு வாசல்ல கல்லுல இருக்கற வம்சத்துதும்மா, இங்க நோட்டுல வரக் கூடாதுன்னு ஆயா சொல்லுச்சு."

குப்புராஜ் நோட்டை மூடினார். மறுபடி திறந்தார்.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் காப்பிக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்தினாள். ஏன் என்று கேட்டதற்கு அம்மனுக்கு வேண்டுதல் என்றாள். இவ்வளவு நீளமான வேண்டுதலா என்று அவர் சிரித்தது ஞாபகம் வந்தது. அவளும் சிரித்தாள்.

"மாசத்துக்கு ஒரு தடவைதானே மாத்திரை? அவ வாரா வாரம் போனாளே."

இதற்குக் கதவோரம் நின்ற ராயம்மாள் பதில் சொன்னாள். "மாத்திரைக்கு மாசம் ஒருக்காதாங்க. மத்த வெள்ளிக்கெழமை சும்மா வரும். கோயில்ல ஒரு கும்புடு, அப்புறம் இங்க மரத்தடி. கண்ணு தெரியாதவங்களுக்கு காலை மாத்திரை, ராத்திரி மாத்திரைன்னு பிரிச்சு, ரெண்டு கலரு துணில முடிஞ்சு குடுக்கும். பேசிக்கிட்டே இருக்கும்ங்க. நாங்க சிரிக்கற சிரிப்புல அப்ப இருந்த டாக்டரம்மா எந்திரிச்சு வந்து திட்டியிருக்குது."

"என்ன பேசுவா?"

"என்னன்னு சொல்றது. எல்லாந்தான்."

"என்ன பேசுவான்னு கேக்கறேன், சொல்லு."

அந்தக் கேள்வியில் அதிகாரம் இருக்கவில்லை. ராயம்மாளுக்கு அது புரிந்திருக்க வேண்டும். கீழே உட்கார்ந்துகொண்டாள். "ஒங்களப் பத்தியும் பேசும்ங்க. பேப்பரு படிக்கறப்ப ஒங்க வாயி அசையும்னு செஞ்சு காட்டும். நீங்க சட்டைக்குப் பொத்தான் போடறது, மேல இருந்து ஆரமிச்சு ஒண்ணு தப்பிப்போயி மறுபடி அவுக்கறது. அதெல்லாம் சொல்லிச் சிரிக்கும். ஆனா வேற யாராச்சும் ஒங்கள ஒரு வார்த்தை சொன்னா, மூஞ்சிய இப்பிடித் திருப்பிக்கும்."

நாற்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள் இப்படிச் சிரிப்பாள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் வீட்டில் பெண்கள் சத்தம் போட்டுச் சிரிக்க மாட்டார்கள். அதைப் பெருமையாக வெளியே சொல்லியிருக்கிறார்.

"ஊருக்கே தெரியுமா?"

"தெரியும்ங்க."

"எனக்கு ஒருத்தரும் சொல்லல."

"அக்கா சத்தியம் வாங்கிக்கிச்சுங்க. அவரு தலை குனியக் கூடாதுன்னு. இங்க நிக்கற அத்தன பேரும் கட்டிக் காப்பாத்துனோம்."

குப்புராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். செருப்புகளும் பைகளும் குழவியும் வெயிலில் நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஆஸ்பத்திரியின் கேட். கேட்டை ஒட்டிக் கோயில் சுவர். இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். முக்கில் வண்டி திரும்பும்போது முதலில் வருவது ஆஸ்பத்திரி. பிறகுதான் கோயில்.

அவர் வலது கை தானாக நாற்காலியிலிருந்து சற்று எழும்பி நின்றது.

அன்றைக்கு முக்கு வந்ததும் முருகேஷ் வண்டியை மெதுவாக்கினான். "ஐயா, இங்க நிறுத்தட்டுங்களா?" என்றான். கோயிலைத்தான் கேட்கிறான் என்று அவர் நினைத்தார். "கோயிலாண்ட நிறுத்து" என்றார். அவன் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் இருபது அடி ஓட்டிப்போய் நிறுத்தினான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. தீர்த்தம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவர் நிறைவு என்று எடுத்துக்கொண்டார்.

"சுபாம்மா," என்றார். "அன்னைக்கு அவளை இங்க எறக்கியிருந்தா?"

அவள் ஆறுதலுக்காக எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அதற்காகவே அவளை அவருக்குப் பிடித்துப்போனது.

"அன்னைக்கு டாக்டர் இல்லைங்க ஐயா. வர்ற நாள் இல்ல அது. நான் இருந்தேன். நாக்குக்கு அடியில ஒரு மாத்திரை வெச்சிருப்பேன், கடிக்கறதுக்கு ஒண்ணு குடுத்திருப்பேன், நூத்தியெட்டுக்குப் போன் பண்ணியிருப்பேன். பொழைச்சிருப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது. பொழைச்சிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியாது." அவரிடமிருந்து நோட்டை வாங்கிக்கொண்டு, "ஆயாவுக்குத் தெரிஞ்ச மொகமா ஒண்ணு பக்கத்துல இருந்திருக்கும்" என்றாள்.

குப்புராஜ் எழுந்தார். துண்டைச் சரிசெய்துகொண்டார். தகப்பனாரின் பலகையைத் தாண்டி, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். முதுகு நேராகத்தான் இருந்தது. கேட்டுக்கு வெளியே கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றதை வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அதையும் அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை.

*

அதன் பிறகு வந்த நாட்களில் அவருக்கு ஒரு பசி பிடித்துக்கொண்டது. அவளைப் பற்றி இன்னும் கேட்க வேண்டும். வீட்டில் இருந்த தீர்த்தம்மாளை அவர் முழுக்க அறிந்திருந்தார், அல்லது அப்படி நினைத்திருந்தார். மரத்தடியில் இருந்தவளை ஒருநாள் கூடப் பார்த்ததில்லை. பதினோரு வருட வெள்ளிக்கிழமைகள், அத்தனையிலும் அவள் யாரோ ஒருத்தியாக, அவருக்கு இருநூறு அடி தள்ளி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்திருந்தால் போதும், கேட்டிருக்கலாம்.

காட்டு வரப்பில் ராயம்மாளைப் பார்த்தால் நிறுத்திக் கேட்டார். அவள் நினைவு வந்ததைச் சொன்னாள். வரிசை நகரும்போது தீர்த்தம்மாள் குனிய மாட்டாளாம். நின்றபடியே குழவியைக் கால் பெருவிரலால் தள்ளுவாளாம்.

"காலாலயா?" என்றார் குப்புராஜ். அம்மியில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு அது.

"காலாலதாங்க. நான் கேட்டேன், பாவமில்லையான்னு. வூட்ல இருந்த வரைக்கும் அது குழவி, இங்க அதும் நம்மளாட்டம் நிக்க வந்துது, இதுக்கென்னா மரியாதின்னுச்சு."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு முடியும் இடத்தில் வேறொன்று வந்தது. வெங்காயத் தாளை ஆடு மேய்கிறது என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

பீரோவில் அவள் புடவைகளுக்கு அடியில் இரண்டு கலர் துணித் துண்டுகள் கிடைத்தன. மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று. எது காலை, எது ராத்திரி என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்க அவள் இல்லை.

*

அக்டோபர் இரண்டாம் தேதி பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மாதவராஜ் நன்றாகப் பேசினான். புதுக் கட்டடத்தின் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான், வளைவில் தாத்தாவின் பெயரோடு. இருபத்திநாலு மணி நேரமும் டாக்டர் என்றான். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. டாக்டர் இல்லாத நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் அவர்கள்.

சின்னப்பன் எழுந்து தன் கிணற்றுக் கதையைச் சொன்னார். "ஒங்க கெணத்துல மொதல்ல தண்ணி இருக்குதா?" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. சின்னப்பனும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

ஊராட்சித் தலைவர் காகிதத்தையும் பேனாவையும் குப்புராஜ் முன்னால் வைத்தார். குப்புராஜ் எழுந்து நின்றார். ஒலிபெருக்கியை யாரோ நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை.

"எங்கப்பா நெலம் குடுத்தாரு. பேரு கல்லுல இருக்குது. எல்லாருக்கும் தெரியும்" என்றார். "எம் பொண்டாட்டி தீர்த்தம்மா அங்க பதினோரு வருசம் வரிசையில நின்னா. அதும் எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியல."

பெண்கள் பக்கத்தில் ராயம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளை எங்க எறக்கோணும்னு அவ கை காட்டுனா. நான் வேற எடத்துல நிறுத்துனேன். அது எம் வூட்டு விசியம், அதை இங்க பேச வேண்டாம்." மாதவராஜ் பக்கம் திரும்பினார். "மாதவராசு சொன்னதுல பொய் இல்ல. டாக்டரு தெனம் வரோணும். மிசினப் பிரிக்கோணும். அதுக்கு மனு எழுதுங்க, மொதக் கையெழுத்து நான் போடறேன். கலெக்டர் ஆபீசுக்கு வரச் சொன்னா வர்றேன். ஆனா பொறுப்ப எவன் தலையிலயோ கட்டிட்டுக் கவர்மெண்டு எந்திரிச்சுப் போறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். எங்கப்பா டிரஸ்டுக்கு நெலம் குடுக்கல."

"பெரிப்பா," என்றான் மாதவராஜ் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில். "ஆர்ச்சு, தாத்தா பேரு... யோசிங்க."

"ஆர்ச்சு நெழலு நடு மத்தியானத்துல எந்தப் பக்கம் விழும்னு பாத்தியா? எங்கயும் விழாது. வரிசையில நிக்கறவங்களுக்கு ஒரு கொட்டாய் போட்டுக் குடு. அதுல பேரு எழுத வேண்டாம்."

மாதவராஜ் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். கோபம் இருந்தது. அதிகாரிகள் வேறு வழி பார்க்கலாம், வழக்குப் போடலாம், அடுத்த கிராம சபையில் மறுபடி இதே பேச்சு வரலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். குப்புராஜுக்கும் அது தெரிந்தே இருந்தது.

*

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் எட்டு மணிக்கே கிளம்பினார். ஆஸ்பத்திரிக் கேட்டுக்குள் நுழைந்ததும் சுபா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, நீங்க உள்ள வாங்க. நான் பாத்து அனுப்பிடறேன்."

"வரிசை எங்க முடியுது?" என்று கேட்டார்.

முடிவில் ஒரு பச்சை வாளி நின்றது. ராயம்மாள் வேப்பமரத்தடியில் சாத்தி வைத்திருந்த குழவியை எடுத்துவந்து இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வாளிக்குப் பின்னால் வைத்தார். மரத்தடியில் ஓர் இடம் ஒதுக்கினார்கள். சிமெண்டு மேடையின் ஓரம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. யாரும் சொல்லவில்லை, அது யார் உட்கார்ந்த இடம் என்று அவரும் கேட்கவில்லை. முதலில் கொஞ்ச நேரம் எல்லோரும் அடக்கமாக இருந்தார்கள். பிறகு யாருடைய மாமியாரையோ பற்றிய பேச்சு தொடங்கி, சிரிப்பு எழுந்து, அவர் இருப்பதை மறந்துபோனார்கள்.

வரிசை நகர்ந்தபோது எழுந்து போய், குனிந்து, குழவியைத் தூக்கி ஒரு முழம் முன்னால் வைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுபடி நகர்ந்தது. மறுபடி குனிந்தார்.

"காலால தள்ளுங்க, ஒண்ணும் ஆவாது" என்றாள் ராயம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அவர் காதில் வாங்காதது போல நின்றார்.

ஜன்னலுக்கு வந்ததும் சுபா புது நோட்டைத் திறந்து பெயர், வயது கேட்டாள். சொன்னார். கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள்.

"பிரஷர் கூடுதலா இருக்குதுங்க. எத்தன நாளா?"

"யாரு பாத்தா" என்றார்.

மாத்திரைகளை எண்ணி உறையில் போட்டுக் கொடுத்தாள். அவர் நகரவில்லை.

"அந்தப் பழைய நோட்டு. முடிஞ்சவங்க கட்டுல இருக்கறது. அதுல மொதப் பக்கத்துல ஒரு எடம் காலியா இருக்குது."

"ஐயா, அது முடிஞ்சு போன கணக்குங்க. இப்ப எழுதுனா யாரும் பாக்கப் போறதில்லைங்க."

"எழுது."

அவள் எழுந்து போய்க் கட்டைப் பிரித்து, மூலை மடங்கிய நோட்டை எடுத்துவந்து, அவருக்குத் தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டு எழுதினாள். க/பெ குப்புராஜ். அவர் மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையிலிருந்து இரண்டு துணித் துண்டுகளை எடுத்து, பக்கத்தில் வந்து நின்ற ராயம்மாளிடம் நீட்டினார். "இதுல எது காலைக்கு?"

"மஞ்சளுங்க."

திரும்பும்போது குழவி ஜன்னலுக்கு முன்னால் வழியில் கிடந்தது. பின்னால் தடியூன்றி ஒரு முதியவர் நின்றிருந்தார். அவருக்கு வழிவிட வேண்டும். குப்புராஜ் குனியப் போனார், இடுப்பு விடவில்லை. மரத்தடியைப் பார்த்தார். எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். செருப்பிலிருந்து வலது காலை எடுத்தார். பெருவிரலைச் செவ்வரியின் மேல் வைத்தார். வெயிலில் கல் சுட்டது. மெதுவாகத் தள்ளினார்.